ஏழு போர்ட் போதுமா?

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். ஒட்டுக்கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவைத்தால் பிற்பாடு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். கானா நாட்டுக் குமாசி நகரில், அடூம் கடைத்தெருவில், ஒரு குடைக்கு அடியில் சின்ன மேசை போட்டு லத்தீஃப் சார்ஜர், கேபிள், காதில் மாட்டுவது எல்லாம் விற்கிறான். என் வீட்டுக் கணினியின் முன்பக்கத்து யு.எஸ்.பி. போர்ட் இரண்டும் ஆடிப்போய்விட்டன. எதைச் சொருகுவதானாலும் பின்னால் கையை விட்டுத் துழாவ வேண்டும். துழாவித் துழாவித் தோள் பிடித்துக்கொண்டது. ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் ஒன்று வாங்கிவிட்டால் மேசைமேலேயே எல்லாவற்றையும் சொருகிவிடலாம் என்று போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. கையில் ஒரு ஹப்பை வைத்துக்கொண்டு, மீன் வாங்குகிறவள் செவுளைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல ஏழு பென்டிரைவ சொருகிக் காப்பி போட்டா, ஏழும் ஒண்ணா முடியுமா?” என்று கேட்டாள்.

“ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன ஆகும் மேடம். கடைசில எல்லாம் முடிஞ்சுதானே ஆகணும்” என்றான் லத்தீஃப்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “முன்னப் பின்ன ஆகக் கூடாதுப்பா” என்றாள். குரலில் அப்படி ஒரு கவலை.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. சத்தத்துக்குப் பயந்து பக்கத்துச் சந்துக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தால் அவளைக் காணோம். எதை வாங்கிக்கொண்டு போனாள் என்று லத்தீஃபிடம் கேட்டேன். “யாரு?” என்றான். அவனுக்கு அன்றைக்கு அவள் முப்பதாவது ஆளோ நாற்பதாவது ஆளோ.

நான் நாலு போர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். இந்த வரிகள் அதன் வழியாகத்தான் ஏறிக்கொண்டிருக்கின்றன. கேள்வியும் கூடவே வந்துவிட்டது. ஏழு பென்டிரைவ் ஒன்றாக முடியவில்லை என்றால் ஒரு பெண்ணுக்கு அப்படி என்ன குடி முழுகிப் போய்விடும்?

2

முதல் தொடக்கம்: “கொனாடுவின் வீட்டுக் கணினிக்கு உயிரோடு இருந்த போர்ட் இரண்டே இரண்டு.”

[அடித்துவிட்டேன். கணினியிலிருந்து தொடங்கினால் பாதிப் பேர் இங்கேயே கழன்றுகொள்வார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: “பொவாஹென் செத்தபோது அசாஃபோ லாரி நிலையமே ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு —”

[வேண்டாம். சாவில் தொடங்கும் கதைகள் போதும். தவிர, அந்த லாரி நிலையம் யாருக்காகவும் ஒரு நிமிடம் வாயை மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.]

மூன்றாம் தொடக்கம்: “இத பாரு கொனாடு, காப்பியோட காப்பி எங்களுக்கு வேண்டாம்.”

இது இருக்கட்டும். சொன்னவள் டுஃபி, செத்துப்போன பொவாஹெனின் தங்கை, கொனாடுவுக்கு அத்தை. கொனாடு தண்ணீர் வாரியத்தில் பில் பிரிவில் வேலை பார்க்கிறாள். டாஃபோவில் இரண்டு அறை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். அவள் அப்பா பொவாஹென் லாரி நிலையத்தில் ஒலிபெருக்கி பிடித்து ஊர்ப் பெயர் கூவியவர். டமாலே, சுன்யானி, தக்கோராடி என்று அவர் கூப்பிட்டால் போக வேண்டிய வேலை இல்லாதவனுக்கும் ஒரு தடவை போய்விட்டு வரலாமா என்று தோன்றும்.

அவருடைய சாவுச் சடங்கு ஊர் மெச்ச நடந்தது. படமும் எடுத்தார்கள். படம் பிடித்தவன் முழுப் படத்தையும் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்து கொனாடுவின் கணினியில் இறக்கிவிட்டுப் போனான். மொத்தச் சொந்தத்திலும் வீட்டில் கணினி வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடு என்று குடும்பத் தலைவர் சொல்லிவிட்டார். எத்தனை ஆள்? பொவாஹெனின் தாய்வழிக் குடும்பத்துக்கு நாலு கிளை, நாலு பிரதி. இரண்டாம் தாரமாக வந்து விதவையான ஃபாஸ்டினாவுக்கு ஒன்று. ஃபாஸ்டினாவின் பிள்ளைகளுக்கு ஒன்று. லாரி நிலையச் சங்கத்துக்கு ஒன்று. ஆக ஏழு. கொனாடுவுக்குத் தனியாக வேண்டாம். படமே அவள் கணினியில்தானே கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் டுஃபி அத்தை வருகிறாள். அவளுக்குக் கேசட் காலத்து அனுபவம் உண்டு. அவள் அம்மாவின் சாவுப் படம் அன்றைக்கு வீடு வீடாகப் போய்ப் பிரதியானது. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொன்று. டுஃபியிடம் வந்து சேர்ந்தபோது படத்தில் கோடு கோடாக மழை பெய்தது. பெட்டியில் கிடந்த அம்மாவின் முகம் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. அவள் அன்றைக்கு அழுத அழுகை சாவன்றைக்கு அழுததைவிடப் பெரிது என்பார்கள்.

இப்போது அப்படி இல்லை அத்தை, கணினியில் எதுவும் மங்காது, நூறாவது பிரதியும் முதலாவது மாதிரியே இருக்கும் என்று கொனாடு பொறுமையாக எடுத்துச் சொன்னாள். டுஃபி அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“எல்லாம் ஒண்ணுதான்னா, அப்ப மொதலாவத எனக்குக் குடு” என்றாள்.

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

சேதி ஃபாஸ்டினாவின் மகன் பெடியாகோ காதுக்குப் போனது. அவன் ஆசிரியர் பயிற்சியில் இருப்பவன், கணினி தெரிந்தவன், மங்காது என்பதும் தெரிந்தவன். ஆனாலும் அத்தைக்கு முதலாவது என்றால் பெற்ற பிள்ளைகளுக்கு ஏன் இரண்டாவது என்று கேட்டான். நியாயம்தான். பிறகு மற்ற கிளைகளும் கேட்டன. குடும்பத் தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: யாருக்கும் முதலாவது கிடையாது, ஏழும் ஒரே வேளையில், ஒரே உட்காரலில் ஆக வேண்டும், ஒவ்வொரு தரப்பும் ஓர் ஆளை அனுப்பிக் கண்ணால் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் ஓர் ஆட்டைப் பங்கு போடுவதானாலும் பக்கத்துக்கு ஒரு ஜோடிக் கண் நிற்கும். பென்டிரைவ் மட்டும் என்ன விதிவிலக்கா?

ஆக, லத்தீஃப் கடையில் கேட்ட கேள்விக்கு ஒரு சொந்தக்காரி கிடைத்துவிட்டாள்.*

* சொந்தக்காரியை நான்தான் செய்தேன் என்பதை மறக்க வேண்டாம். நிஜமான அந்தப் பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கக்கூட ஹப் வாங்கியிருக்கலாம்.

3

லத்தீஃப் மூன்றை எடுத்து வைத்தான். நாலு போர்ட், ஏழு போர்ட், பத்து போர்ட். கொனாடு மூன்றையும் பார்த்தாள்.

நாலு என்றால் இரண்டு தவணை. முதல் தவணைக்காரர்களுக்கும் இரண்டாம் தவணைக்காரர்களுக்கும் அவள் வீட்டிலேயே மல்லுக்கட்டு நடக்கும். அதைக் கீழே வைத்தாள். ஏழு போர்ட்டுக்குத் தனியாக ஒரு அடாப்டர் இருந்தது. அது எதற்கு என்று கேட்டாள்.

“அடாப்டர் இல்லாதது கம்ப்யூட்டர்கிட்டேருந்துதான் கரண்ட் உறிஞ்சும் மேடம். ஏழு பேர் ஒரே தம்ளர்ல வாய வெச்சா யாருக்குத் தாகம் அடங்கும்? பாதில ஒவ்வொண்ணா மயங்கி விழுந்துடும். இது சொவத்துலேருந்து நேரா குடிக்கும்.”

சரி, ஏழு. பிறகு ஏன் அவள் பத்தைக் கையில் எடுத்தாள்?

இங்கே கொனாடுவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் பொவாஹெனின் முதல் மனைவி. அவர் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் கட்டிக்கொண்டவள். பிறகு ஒத்துவரவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பெண் கேட்டபோது வாங்கின பானத்தைத் திருப்பிக் கொடுத்து, முறைப்படி பிரித்துவிட்டார்கள். ஃபாஸ்டினா வந்தாள். அதெல்லாம் எந்தக் காலமோ. சாவுச் சடங்கில் அம்மா கொனாடுவோடு போய்க் கடைசி வரிசையில் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் முன்னால் கூப்பிடவுமில்லை. ஏழு பிரதி என்று எண்ணியபோதும் அவளை யாரும் வேண்டுமென்று விடவில்லை. அவள் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். கொனாடுவுக்கு அதுதான் உறுத்தியது. வேண்டுமென்று விட்டிருந்தால் சண்டையாவது போடலாம்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தரம், இஞ்சி இடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அந்தப் படத்துல அவர் சிரிக்கிற எடம் இருக்கா?”

“இருக்கும்மா. ஈஸ்டர் அன்னிக்கு நான் ஃபோன்ல எடுத்தது. அத நடுவுல சேத்திருக்காங்க.”

“ம்” என்றுவிட்டு மறுபடி இடிக்க ஆரம்பித்தாள்.

[இங்கே கதை நின்றுவிட்டது. எனக்கு ஒரு சந்தேகம். படம் கொனாடுவின் கணினியில் இருக்கிறது. அம்மா அதே வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து வாங்கிக்கொண்டு போன பிறகு, திங்கட்கிழமை, ஆற அமர ஒரு பிரதி போட்டுக் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அதில் ஒரு புள்ளியும் குறையப் போவதில்லை. பிறகு எதற்கு இந்தக் கதை? இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். கொனாடு என்ற பாத்திரமே பொய்யோ என்று தோன்றியது. கடைசியில் அவளிடமே கேட்டேன். எழுதுகிறவர்கள் வேறு வழியில்லாதபோது இப்படிச் செய்வதுண்டு. அவள் சொன்னாள்:

“திங்கக்கிழம குடுக்கலாம்னு எனக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்கு எல்லாமே திங்கக்கிழமதான் கெடச்சிருக்கு.”

அதற்குப் பிறகு நான் அவளைச் சந்தேகிக்கவில்லை.]

ஆனால் பத்து போர்ட்டை வாங்கினால் மூன்று காலியாக இருக்கும். டுஃபி அத்தையின் கண்ணுக்கு அது தப்பாது; இந்த மூன்றும் யாருக்கு என்று கேட்பாள். அதில் ஒன்றில் எட்டாவதைச் சொருகி, இது அம்மாவுக்கு என்று சொல்ல வேண்டும். சொல்லலாம். சொன்னால், “அவளுக்கு எதுக்கு?” என்று யாராவது கேட்பார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். மறந்துபோனது வேறு, வேண்டாம் என்று வாயால் சொல்வது வேறு. மறதியோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியாகிவிட்டது. வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு எப்படிக் குப்பை கொட்டுவது?

கொனாடு பத்தைக் கீழே வைத்தாள். ஏழையே வாங்கிக்கொண்டு நடந்தாள்.

[ஏழு போர்ட்டை வாங்கிக் கொடுத்தவன் நான். நிஜமான பெண் எதை வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. நான் பத்தையும் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.]

4

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு நேராக வந்தார்கள். கொனாடு பக்கத்து வீட்டில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி, கணினிக்கு எதிரே அரைவட்டமாகப் போட்டிருந்தாள். கணினிக்கு முன்னால் அவள் வழக்கமாக உட்காரும் முக்காலி. அறை அதோடு நிரம்பிவிட்டது. வெயில் உறைக்காமல் இருக்க ஜன்னல் துணியை இழுத்துவிட்டு விசிறியை முழு வேகத்தில் வைத்தாள்.

டுஃபி அத்தை கணினித் திரைக்கு மிக அருகில் இருந்த நாற்காலியைப் பிடித்தாள். அவளுடைய பென்டிரைவில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள், மாறிப்போகக் கூடாதாம். லாரி நிலையச் சங்கத்திலிருந்து வந்த பெரியவர், தன்னுடைய பென்டிரைவில் நிறைய சர்ச் பாட்டு இருக்கிறது, அது அழிந்தால் சங்கமே தன்னை உரித்துவிடும் என்று இரண்டு முறை எச்சரித்தார். பெடியாகோ ஹப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, தரமான சாமான்தான் அக்கா என்று சான்றிதழ் கொடுத்தான். அவன் பிள்ளைகள் தரப்பு. ஃபாஸ்டினாவுக்காக அவள் தங்கை வந்திருந்தாள். மற்றக் கிளைகளிலிருந்து மூன்று பேர்.

அம்மா தட்டில் சோபோலோ கொண்டுவந்தாள், செம்பருத்திச் சாறு, இஞ்சி தூக்கலாக. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நல்லா இருக்கு என்றார்கள். தம்ளர் காலியாகட்டும் என்று அம்மா சமையலறை வாசலில் தட்டோடு நின்றாள்.

கொனாடு எல்லாவற்றையும் சரிபார்த்தாள். இந்த ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் கணினியும் திரையும் யு.பி.எஸ்-ஸில் சொருகியிருந்தன. யு.பி.எஸ்-ஸில் இரண்டு போர்ட்தான் — [போர்ட் அல்ல, சாக்கெட். எல்லாவற்றையும் போர்ட்டாகவே பார்க்கும் வியாதி எனக்கு வந்துவிட்டது] — இரண்டு சாக்கெட்தான். அதனால் ஹப்பின் அடாப்டரைச் சுவரில் சொருகினாள். நேராகக் குடிக்கட்டும் என்று லத்தீஃப் சொன்னபடி.

பிறகு ஏதோ கேபிள் சரியாக இல்லை என்பதுபோல் கணினிக்குப் பின்னால் குனிந்தாள். தூசி தட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். என் குறிப்பில் அவள் குனிவதே கிடையாது. நிமிர்ந்தபோது பின்னால் சுவரோரமாக ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. உயிரோடிருந்த இரண்டு போர்ட்டில் ஒன்று ஹப்புக்கு. விசைப்பலகையும் மவுஸும் பழைய உருண்டை முனைக்காரர்கள், அவர்களுக்கு யு.எஸ்.பி. தேவையில்லை. ஆக, மற்றொன்று காலி. அந்தக் காலியில் அவள் எட்டாவது பென்டிரைவைச் சொருகிவிட்டிருந்தாள். ஹப்பில் இடம் இல்லை என்றால் என்ன? வேளை அதே வேளைதானே. யாருக்கும் தெரியாவிட்டாலும், திங்கட்கிழமை இல்லை.

சங்கத்துப் பெரியவர் எழுந்து நின்று, இந்த இயந்திரத்தின் மனம் மாறாமல் இருக்க வேண்டும் என்று சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். எல்லோருடைய கண்ணும் மூடியிருக்கும்போதே கொனாடு முதலில் எட்டாவதை ஓடவிட்டாள். மற்ற ஏழையும் அதன்மேல் வரிசையாகத் திறந்து ஓடவிட்டாள். எல்லோருடைய கண்ணுக்கும் ஏழு பச்சைக் கோடுகள் வளர்ந்தன. ஹப்பில் ஏழு விளக்கு மினுக்கியது. டுஃபி அத்தை சிவப்புத் துணி கட்டியதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பார்ப்பார்களே, அந்த மாதிரி மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள்.

பாதி தாண்டியிருக்கும். விசிறி முனகி நின்றது. தெருக்கோடியில் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி நடுச்சொல்லில் அறுந்தது. யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. மின்சாரம் போய்விட்டது.

திரை எரிந்தது. கணினி ஓடியது. ஹப்பின் ஏழு விளக்கும் ஒன்றாக அணைந்தன. அடாப்டர் சுவரில் அல்லவா இருக்கிறது.** பென்டிரைவைக் காணவில்லை என்று கணினி ஏழு தடவை சொன்னது. ஏழு சின்னச் சின்னப் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

முன்னப் பின்ன இல்லாமல் ஏழும் ஒன்றாகத்தான் முடிந்தன. கொனாடு கேட்டது இதுவல்ல.

அவள் ஒவ்வொரு பெட்டியாக மூடினாள். டுஃபி அத்தை வாய்க்குள் எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. ஏழாவதை மூடியதும் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அது நிற்கவில்லை. அதன் பச்சைக் கோடு மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. யு.பி.எஸ். கூவக் கூவ, ஏழு பேரும் பார்க்கப் பார்க்க, அது கடைசிவரை போய்ச் சேர்ந்தது. அரையிருட்டில் கணினிக்குப் பின்னால் சுவரில் நீல வெளிச்சம் விழுந்திருப்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

“ஏழுதானே அக்கா?” என்றான் பெடியாகோ.

“அது யாரோடது?” என்றாள் டுஃபி அத்தை.

 ** விஷயம் தெரிந்தவர்கள் கடிதம் எழுத வேண்டாம். சுவர் மின்சாரம் போனால் சில ஹப்புகள் கணினியிலிருந்து உறிஞ்சத் தொடங்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். அப்போதும் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும். அந்த ஒரு சிமிட்டல் போதும், பிரதி அறுந்துவிடும்.

5

இதுவரை கதை என்னை இழுத்துக்கொண்டு வந்தது. இங்கே கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டது.

ஒரு முடிவு எழுதினேன். “அது சோதனைக்குப் போட்டது அத்தே, கம்ப்யூட்டரோடது” என்று கொனாடு சொல்கிறாள். அத்தை நம்பிவிடுகிறாள். மின்சாரம் வருகிறது, ஏழும் புதிதாக ஓடுகின்றன, ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். அமைதி. குடும்பத்தில் யாருக்கும் மனக்குறை இல்லை. ஒரு நாள் முழுக்க இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கொனாடு அந்தப் பொய்யைச் சொல்லும்போது சமையலறை வாசலில் நிற்கிறவளும் கேட்கிறாள். அவள் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள் என்று நான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

வேறொன்று எழுதினேன். “அம்மாவோடது” என்கிறாள் கொனாடு. டுஃபி அத்தை எழுந்துவிடுகிறாள். எங்கள் அண்ணனின் படத்தில் முதல் பிரதி, நாங்கள் பிரித்து அனுப்பினவளுக்கா? குடும்பத் தலைவர்வரை போகிறது. கொனாடு பானமும் ஆடும் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்கிறாள். நல்ல சூடான சண்டை. எனக்குச் சண்டை எழுத வரும். ஆனால் அந்த டுஃபி வேறு யாரோ. மாவு மாதிரி ஆகிப்போன அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதவள் இவள் அல்ல. கதைக்கு ஒரு கெட்டவள் வேண்டும் என்பதற்காக நான் அவளைக் கூலிக்கு அமர்த்தியிருந்தேன். அதையும் —

மூன்றாவதும் ஒன்று உண்டு. அதில் டுஃபி அத்தை, “மொதல்ல வந்தவ அவதானே” என்கிறாள். அவ்வளவுதான். எல்லோர் கண்ணிலும் நீர். மிட்டாய் மாதிரி இருக்கிறது, தெரியும். ஆனாலும் இதை அடிக்குமுன் ஒரு விஷயம் நடந்தது. அத்தை அந்த வார்த்தையைக் கொனாடுவின் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே, அதற்காகத் திரும்பினாள். நானும் அவளோடு சேர்ந்து திரும்பினேன். அம்மாவைப் பார்ப்பதற்கு அத்தை தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது.

ஏன் நிமிர்த்த வேண்டும்? அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். ஏன் நின்றுகொண்டிருக்கிறாள்?

பக்கத்தைப் புரட்டிப் பின்னால் போனேன். நாலாம் பகுதி, இரண்டாவது வரி. “ஏழு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி.” வந்தவர்கள் ஏழு பேர், கொனாடுவுக்கு முக்காலி, கணக்கு சரியாக இருக்கிறது என்று நான் திருப்தியோடு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். அந்த அறையில் இன்னோர் ஆள் இருப்பது எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன். பட்டியலில் அவளை விட்டவர்கள்மேல் மூன்றாம் பகுதி முழுக்கக் கோபப்பட்டிருக்கிறேன். பிறகு கையில் ஒரு தட்டைக் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டேன்.

அதோடு முடிந்ததா? கடைக்கார லத்தீஃபுக்குப் பெயர் உண்டு. நாலு வரிக்கு வந்துபோகும் பெடியாகோவுக்கு உண்டு. வீட்டுக்கே வராத ஃபாஸ்டினாவுக்கு உண்டு. செத்தவருக்கும் உண்டு. இவள் ஆரம்பத்திலிருந்து வெறும் அம்மா. கொனாடுவின் அம்மா. வேண்டுமென்று விடவில்லை என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். நினைவு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கணினியைத் திறக்கவில்லை.

6

அவள் பெயர் சர்பொமா.

மின்சாரம் இன்னும் வரவில்லை. யு.பி.எஸ். கூவிக்கொண்டே இருக்கிறது, பழைய பேட்டரி, அதிக நேரம் தாங்காது. அத்தையின் கேள்வி அறை நடுவில் அப்படியே நிற்கிறது. அதில் கோபம் இருந்ததா, வெறும் கேள்விதானா என்று நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கொனாடு முக்காலியில் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறக்கப் போகிறாள். பொய் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் பத்து போர்ட் வாங்கிக் கொடுக்காத ஆள். என் ஊகத்தை நம்ப வேண்டாம்.

அவள் சொல்லப்போவதை நான் எழுத மாட்டேன். அதைக் கேட்க வேண்டியவள் ஏழு காலித் தம்ளரோடு நின்றுகொண்டு கேட்கக் கூடாது.

பின்னால் போய் நாலாம் பகுதியில் ஏழை எட்டாகத் திருத்திவிடலாம்தான். யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். அது திங்கட்கிழமை கொடுக்கிற நாற்காலி. பக்கத்து வீட்டில் இனி இரவல் கேட்க முடியாது, இருந்ததெல்லாம் இங்கே வந்துவிட்டது. உட்கார்ந்திருக்கும் ஏழு பேரில் ஒருவரை எழுப்பினால், அவளுக்காக எங்கள் தரப்பை ஏன் எழுப்பினாய் என்று அது வேறு ஒரு கதையாகிவிடும்.

நீங்கள் உட்கார்ந்துதானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கொஞ்சம் எழுந்திருங்கள். அந்த நாற்காலியை இப்படித் தள்ளுங்கள், டுஃபி அத்தைக்குப் பக்கத்தில் போட இடம் இருக்கும். சர்பொமாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொள்ளுங்கள், கனக்கும். அவள் வேண்டாம் வேண்டாம் என்பாள், விடாதீர்கள். அவள் உட்கார்ந்த பிறகு கொனாடு பதில் சொல்லட்டும். சொன்ன பிறகும் யு.பி.எஸ்-ஸில் உயிர் இருந்தால், அந்த ஈஸ்டர் சிரிப்பை மட்டும் ஒரு தடவை போடச் சொல்லுங்கள்.